எல்லாம் நார்மல்

போன வாரம் செங்கமலத்தை வாஷிங் மெஷின் முன்னால் நிறுத்திவிட்டுப் போயிருந்தோம். அவள் கையில் கணவனின் யூனிஃபார்ம் பேன்ட். அதன் உள்பையில் பாதி கரைந்தும் கரையாமலும் ஒட்டிக்கொண்டிருந்தவை மாத்திரைகள்.

ஒன்றிரண்டு அல்ல. ஒரு பிடி.

தினமும் காலையில் இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் அவள் கையாலேயே எடுத்து வைத்த மாத்திரைகள். துரைராஜ் அவள் கண் முன்னால்தான் வாயில் போடுவார், தண்ணீர் குடிப்பார், டம்ளரை வைப்பார். விழுங்கிவிட்டார் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

இந்தக் குடும்பத்தோடு இப்போதுதான் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடலாம். துரைராஜ் நெய்வேலிச் சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத மிஷின் ஓட்டுகிறவர். பர்மனென்ட். சொந்த ஊர் காடாம்புலியூர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து வந்தவர், ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார். அதோடு சரி. வேலைக்குப் போகவில்லை. குளிக்கவில்லை. சோற்றைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்தார்.

எதனால் என்று கேட்காதவர்கள் இல்லை. வீட்டில் சாவு இல்லை, சண்டை இல்லை, அவருக்குக் குடிப் பழக்கமும் இல்லை. காரணம் அவருக்கே தெரியவில்லை. தெரியாததை யாரிடம் என்னவென்று சொல்வார்?

அண்ணன் மருதாசலம் கோயில் கோயிலாகக் கூட்டிப்போய்க் கயிறு கட்டினார். செங்கமலம்தான் கடைசியில் கடலூரில் இருக்கும் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனாள். "பிபிக்குத் தினமும் மாத்திரை போடறார் இல்லையாம்மா? இதையும் அதோடு சேர்த்து வையுங்க. பல் தேய்க்கிற மாதிரி, குளிக்கிற மாதிரி இதுவும் ஒரு வேலை. அவ்வளவுதான்" என்றார் அவர். கொஞ்ச மாதத்தில் மனுஷன் டிவி ரிமோட்டுக்காக மகளோடு சண்டை போட ஆரம்பித்தார். அந்தச் சண்டைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு செங்கமலம் அடுப்படியில் நின்று அழுதாள்.

டாக்டர் சொன்னபடி மாத்திரைப் பட்டையைச் சாப்பாட்டு மேஜையில், பிபி மாத்திரையோடு வைத்தாள். யாராவது வருகிறார்கள் என்றால் துரைராஜ் அதை எடுத்துப்போய் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவிடுவார். வந்தவர்கள் போனதும் அவள் மறுபடி எடுத்து வைப்பாள்.

வெளியில் அவளும் வாய் திறந்ததில்லை. கடலூர் போகிற நாளெல்லாம் "அவருக்கு சுகர் பாக்கப் போறோம்" என்றுதான் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் சொல்லி வைத்திருந்தாள். காலையில் அவளோடு நடக்கிற பெண்கள் தைராய்டைப் பேசுவார்கள், கர்ப்பப்பை ஆபரேஷனைப் பேசுவார்கள், மூட்டுவலிக்கு எந்த எண்ணெய் என்று பேசுவார்கள். இதை மட்டும் யாரும் பேசிக் கேட்டதில்லை.

அந்த மாத்திரைகளைக் கண்டெடுத்த மறுநாள்தான் துரைராஜுக்கு மெடிக்கல். சுரங்கத்தில் வேலை செய்கிறவர்களைச் சில வருஷங்களுக்கு ஒரு முறை கண், காது, நெஞ்சு என்று முழுசாகப் பரிசோதித்து, வேலைக்குத் தகுதிதானா என்று பார்க்கிற நாள்.

காலையில் அவர் பின்வாசல் படியில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். செங்கமலம் பக்கத்தில் போய் நின்று உள்ளங்கையை விரித்தாள்.

"இது இன்னாங்க?"

துரைராஜ் பார்த்தார். பிரஷை நிறுத்தவில்லை.

"துணியில இருந்துச்சா?"

"எப்பலேர்ந்து இப்படி?"

"தீவாளிக்கு அப்பாலேர்ந்து."

பொங்கலும் போய் மாசி பிறந்திருந்தது. செங்கமலம் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நல்லாதானங்க இருந்தீங்க?"

"அதனாலதான் நிறுத்துனேன். நல்லா இருக்கறவன் எதுக்கு மாத்திர போடணும்?"

"இப்ப நல்லா இருக்கீங்களா?"

அவர் அடுத்த ஷூவை எடுத்தார்.

"மெடிக்கல்ல ரத்தம் எடுப்பாங்க" என்றார். "அதுல தெரிஞ்சிபோச்சின்னா? பைத்தியத்துக்கு மாத்திர சாப்புடறவன்னு மிஷின்லேர்ந்து எறக்கிடுவாங்க. ஒரு மூலையில ஸ்டூல போட்டு ஒக்கார வெச்சிடுவாங்க. அண்ணன் அன்னிக்கே சொல்லிச்சி."

"மைன்ஸ்ல யாராவது அப்படிச் சொன்னாங்களா?"

"சொல்லணுமா? எனக்குத் தெரியாதா?"

மகள் தமிழ்மொழி தலையைத் துவட்டிக்கொண்டே கதவருகில் வந்து நின்றாள். மெயின் பஜாரில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். விடிந்தால் ஊரார் கையில் ஊசி குத்துவதுதான் அவள் பிழைப்பு.

"ப்பா, அந்த டெஸ்ட்ல இந்த மாத்திரையெல்லாம் தெரியாது. நான் தினமும் இதைத்தானே செய்யறேன். சுகர், கொழுப்பு, கிட்னி அவ்வளவுதான் பாப்பாங்க. மனசுக்கு ஒரு டியூபும் கெடையாது."

"நீ வேலைக்குப் போற வழியப் பாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லப்பா?"

துரைராஜ் எழுந்தார். இஸ்திரி போட்ட சட்டை அவர் தோளில் தொளதொளவென்று கிடந்தது. எத்தனை இளைத்திருக்கிறார் என்று செங்கமலம் அப்போதுதான் பார்த்தாள். தினமும் பார்க்கிற முகம். பார்த்துப் பார்த்தே கவனிக்காமல் விட்டிருக்கிறாள்.

"மெடிக்கல் முடியட்டும். அப்பறம் போட்டுக்கறேன்" என்றார். பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

தமிழ்மொழி அம்மாவின் கையிலிருந்த மாத்திரைகளை வாங்கிக் காகிதத்தில் மடித்தாள். "கடலூர் டாக்டருக்கு போன் பண்ணும்மா. நான் போய் லீவு சொல்லிட்டு வந்துடறேன்" என்றாள்.

மெடிக்கல் நடக்கிற இடத்தில் துரைராஜுக்கு முன்னால் நல்ல கூட்டம். பக்கத்து பெஞ்சில் கோபாலகிருஷ்ணன் உட்கார்ந்திருந்தார். மதுரைப் பக்கத்துக்காரர், ஒரே செக்‌ஷன், அடுத்த பிளாக்கில் குவார்ட்டர்ஸ். இருவரும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சேர்ந்தே டீ குடிக்கிறவர்கள்.

"என்னய்யா தொரை, பாதி ஆளா ஆயிட்ட? டயட்டா?"

"ஆமாப்பா. ராத்திரி சோறு இல்ல."

கோபாலகிருஷ்ணன் நம்பினார். நம்பாமல் இருக்க அவருக்கு என்ன காரணம்?

கண் பார்த்தார்கள். காதில் கருவியை மாட்டி, சின்னச் சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னார்கள். குழாயில் ஊதச் சொன்னார்கள். ரத்தம் எடுத்த பெண்ணைப் பார்த்து துரைராஜுக்கு மகள் ஞாபகம் வந்தது. மகளை நினைத்தால் முன்பெல்லாம் உள்ளே ஏதோ அசையும். இன்றைக்கு அந்தப் பெண்ணின் ஊசியைப் பார்ப்பது போலவே மகள் நினைப்பையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் டாக்டர் அறை. சின்ன வயசுப் பெண் டாக்டர். காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"பிபி கன்ட்ரோல்ல இருக்கு. ஈசிஜி சரியா இருக்கு. எடை மட்டும் ரொம்பக் குறைஞ்சிருக்கே. ஏன் சார்?"

"கொறைக்கணும்னு கொறைச்சேன் மேடம்."

"தூக்கம் எப்படி?"

"நல்லா தூங்கறேன்."

"மனசு எப்படி இருக்கு? எதுலயும் பிடிப்பில்லாம இருக்கறது, காரணமில்லாத சோர்வு, அப்படி ஏதாவது?"

துரைராஜ் நிமிர்ந்து பார்த்தார். இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. ரத்தத்தில் பிடிபடுவோம் என்று மாதக்கணக்காகப் பயந்தவருக்கு, வாயைத் திறந்து யாராவது கேட்பார்கள் என்று தோன்றியதே இல்லை.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எல்லாரையும் கேக்கறதுதான் சார். கண்ணு, காது பாக்கற மாதிரி இதுவும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டாலும் சொல்லலாம். அதனால வேலை போயிடாது. என்ன ஏதுன்னு தெரிஞ்சா அதுக்கு ஏத்தமாதிரி பாத்துக்கலாம்."

சொல்லிவிடலாம். துரைராஜின் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. தீபாவளிக்குப் பிறகு ஒரு நாள் கூட முழுசாகத் தூங்கவில்லை என்று சொல்லலாம். மிஷின் மேலே உட்கார்ந்திருக்கும்போது கை தானாக வேலை செய்கிறது, உள்ளே ஆள் இல்லை என்று சொல்லலாம்.

அறைக்கு வெளியே, திரைக்கு அந்தப் பக்கம், வரிசையில் நின்றவர்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். "அவன் ஒரு மெண்டலுப்பா" என்று ஒரு குரல் கேட்டது. யாரைச் சொன்னார்களோ, எந்தக் கதையோ. துரைராஜுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம். நல்லா இருக்கேன்."

டாக்டர் ஒரு நிமிஷம் அவர் முகத்தையே பார்த்தார். "நிச்சயமா?"

"நிச்சயமா."

டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

அதே நேரம் செங்கமலம் கடலூர் மருத்துவமனைக்குப் போன் அடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், பிறகு கூப்பிடச் சொல்கிறேன் என்றாள் அங்கிருந்த பெண். செங்கமலம் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள்.

கோபாலகிருஷ்ணனின் மனைவி தனபாக்கியம் கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். கையில் ஒரு வாட்ச் டப்பா.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இதைக் கேட்காம எனக்கு மனசு ஆறலை. அண்ணன் போன வாரம் இதை எங்க வீட்டுக்காரர்கிட்டக் குடுத்தாங்களாம். கைக்கு லூசாயிருச்சு, நீ போட்டுக்கன்னு. இத்தனை வருஷ சர்வீஸுக்காகக் கம்பெனியில கொடுத்த வாட்ச்சுல்ல இது? உங்களுக்குத் தெரிஞ்சுதான் குடுத்தாங்களா?"

செங்கமலத்துக்குத் தெரியாது. அந்த வாட்ச் வந்த அன்றைக்கு துரைராஜ் அதைக் கட்டிக்கொண்டு தெருவிலே இருக்கிற எல்லாரிடமும் மணி சொல்லிவிட்டு வந்தார்.

"உள்ள வெச்சிட்டுப் போ தனம்" என்றாள்.

தனபாக்கியம் போன பிறகுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வருஷக்கணக்காகப் பேசாமல் இருந்த தங்கச்சிக்கு அவர் போன மாதம் தானாகவே போன் செய்தது. சொட்டிக்கொண்டிருந்த குழாய்களையெல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் சரிசெய்தது. காஸ் டியூப் மாற்றுவது எப்படி என்று அவளை நிற்கவைத்துச் சொல்லிக் கொடுத்தது. அன்றைக்கெல்லாம் அவள் சந்தோஷப்பட்டாள். மனுஷன் வீட்டு வேலையில் அக்கறை காட்டுகிறார், மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்தாள்.

போன் அடித்தது. கடலூர் டாக்டர்தான்.

செங்கமலம் எல்லாவற்றையும் கொட்டினாள். மாத்திரை, இளைத்தது, வாட்ச், தங்கச்சி, குழாய். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அம்மா, இன்னிக்கே கூட்டிட்டு வாங்க. சாயந்திரம் வரைக்கும் இங்கதான் இருப்பேன். தேவைப்பட்டா சில நாள் இங்கேயே வெச்சுப் பாக்கணும். அதுவரைக்கும் ஒரு நிமிஷம்கூட அவரைத் தனியா விடாதீங்க."

"சரிங்க."

"இன்னொண்ணு. அவர்கிட்ட நேராவே கேளுங்க. செத்துப்போகணும்னு தோணுதான்னு கேளுங்க."

"அப்படிக் கேட்டா அந்த நெனப்பு வந்துடாதுங்களா டாக்டர்?"

"கேக்கறதால வராதும்மா. இருந்தா, வெளிய வரும். யாருமே கேக்காததாலதான் பல பேர் உள்ளயே வெச்சிட்டுப் போயிடறாங்க."

துரைராஜ் மதியம் வந்தார். முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. கடையில் வாங்கிய ஜிலேபிப் பொட்டலத்தை மேஜையில் வைத்தார்.

"ஃபிட்" என்றார். "எல்லாம் நார்மல். கோபாலுக்குத்தான் கண்ணாடி மாத்தச் சொல்லிட்டாங்க."

தமிழ்மொழி அதற்குள் வந்திருந்தாள். அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஃபிட் என்ற வார்த்தை இத்தனை பயமாக இருக்கும் என்று தமிழ்மொழி நினைத்ததில்லை.

செங்கமலம் சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். அவர் பிசைய ஆரம்பித்தார். பிசைந்துகொண்டே இருந்தார். அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"உங்கள ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"செத்துப்போவணும்னு தோணுதாங்க?"

தமிழ்மொழி அடுப்படி வாசலில் அப்படியே நின்றாள். துரைராஜ் கையைத் தட்டிலிருந்து எடுக்கவில்லை. மறுப்பார், கோபப்படுவார், தட்டைத் தள்ளிவிட்டுப் போவார் என்று செங்கமலம் எதிர்பார்த்தாள்.

"தோணுது" என்றார்.

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

"தெனமும் தோணுது. மொதல்ல பயமா இருந்துச்சி. இப்ப அதுகூட இல்ல."

"எங்கிட்ட சொல்லணும்னு தோணலியா?"

"சொன்னா நீ அழுவ. நீ அழுதா எனக்கு ஏதாவது ஆவணும் இல்ல? ஒண்ணுமே ஆவ மாட்டேங்குது. அதப் பாத்துத்தான் ரொம்ப பயந்துட்டேன்."

செங்கமலம் அழவில்லை. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர்கிட்ட பேசிட்டேன். இன்னிக்கே வரச் சொல்லிட்டாரு. மறுபடி மாத்திர ஆரம்பிச்சா சரியாயிடும்."

"அது வேல செய்ய வாரக்கணக்காவும். அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் நான் இருக்கேன் இல்ல?"

"நீ எப்பவும்தான் இருக்க" என்றார் துரைராஜ். அவர் அதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவர் நிலைமை அது. அவள் இருந்தாள், இருந்தும் இப்படித்தான் இருந்தது.

கடலூருக்குப் பஸ்ஸில் கூட்டிப்போக செங்கமலத்துக்குத் தைரியம் வரவில்லை. கோபாலகிருஷ்ணனிடம் ஒரு பழைய கார் இருந்தது. வாசலில் நின்று அவருக்குப் போன் செய்தாள். அடுத்த வீட்டு அம்மாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். செங்கமலம் குரலைத் தாழ்த்தவில்லை.

"அண்ணே, இவருக்கு மனசு சரியில்ல. ரெண்டு வருஷமா கடலூர்ல வைத்தியம் பாத்துக்கினு இருக்கோம். சுகர்னு சொன்னது பொய். இப்ப ரொம்ப மோசமா இருக்காரு. ஒடனே போவணும். கார் வேணும்."

துணி உலர்த்திய கை நின்றது. செங்கமலம் அதைப் பார்த்தாள். இத்தனை நாள் பயந்த பயத்துக்கு இப்போது வானம் இடிந்து விழ வேண்டும். விழவில்லை.

"நான் தினமும் கூடவே இருந்தேனேம்மா" என்றார் போனில் கோபாலகிருஷ்ணன். "எனக்குத் தெரியலையே. இருங்க, வந்துர்றேன்."

செங்கமலம் உள்ளே திரும்பியபோது துரைராஜ் ஜன்னலோரம் நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருந்தது.

"இனிமே நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு ஷிஃப்ட்டுக்குப் போறது?" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. "இருந்தது அது ஒண்ணுதான். அதையும் எடுத்துட்ட."

சட்டை மாற்றிக்கொள்ள அறைக்குள் போனார். கதவைத் தாழ் போடாமல் பார்த்துக்கொண்டு தமிழ்மொழி வெளியே நின்றாள். உள்ளே அவர் யாருடனோ போனில் சன்னமாகப் பேசுவது கேட்டது.

பெட்ரோல் போட்டுக்கொண்டு அரை மணி நேரத்தில் கோபாலகிருஷ்ணன் காரோடு வந்தார். நண்பனின் தோளில் கைவைத்து, "மனசத் தைரியமா வச்சுக்கணும் தொரை. நீயெல்லாம் இப்படி ஆகலாமா?" என்றார். வேறு என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. "சரிப்பா" என்று சொல்லிவிட்டு துரைராஜ் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

டவுன்ஷிப்பின் மரங்கள் அடர்ந்த சாலைகளில் கார் போனது. ஆர்ச் கேட்டைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு வந்ததும், சாலையோரத்தில் நின்ற ஒரு சின்ன சரக்கு வண்டியிலிருந்து ஓர் ஆள் கையைக் காட்டிக்கொண்டு நடுவே வந்தார். கோபாலகிருஷ்ணன் பிரேக் போட்டார்.

மருதாசலம். யாருக்கு போன் போனது என்று தமிழ்மொழிக்கு அப்போதுதான் புரிந்தது.

"எறங்குடா தொர" என்றார் மருதாசலம், காரின் கதவைத் திறந்து. "கடலூரும் வேணாம் ஒண்ணும் வேணாம். வூட்டுக்குப் போலாம் வா."

"மாமா, டாக்டர் காத்துக்கினு இருக்காரு" என்றாள் செங்கமலம். "தங்க வெச்சிப் பாக்கணும்னு சொல்லிட்டாரு."

"அங்க கொண்டுபோய் அடைக்கப் போறியா? அந்த மாத்திரையாலதான் எந்தம்பி இப்படி ஆனான்."

"மாத்திரைய நிறுத்துனதாலதான் மாமா. நீங்க சொன்னீங்கன்னுதான் நிறுத்துனாரு."

"ஊரெல்லாம் தமுக்கடிச்சிட்ட இல்ல? நாளைக்கு இந்தப் பொண்ணக் கட்ட எவன் வருவான், அத யோசிச்சியா?"

"என் கல்யாணத்த நான் பாத்துக்கறேன் பெரியப்பா" என்றாள் தமிழ்மொழி. "அப்பாவ எங்ககூட அனுப்புங்க. உங்களக் கெஞ்சிக் கேக்கறேன்."

மருதாசலத்தின் கண் கலங்கியது. அவர் கெட்டவர் அல்ல. அப்பா போன பிறகு தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர். அவனைத் தன் வீட்டில் கொண்டுபோய் வைத்துச் சோறு போட்டால் சரியாகிவிடும் என்று மனசார நம்புகிறவர். அப்படி நம்புகிறவரிடம் எதைச் சொல்லிப் புரியவைப்பது?

துரைராஜ் காரை விட்டு இறங்கினார்.

"நான் அண்ணன்கூடப் போறேன். ரெண்டு நாள் தோப்புல இருந்துட்டு வரேன்."

"ஏங்க."

"அங்க யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க செங்கமலம். நீ கேட்டுட்ட, நானும் சொல்லிட்டேன். போதும்."

கோபாலகிருஷ்ணன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வளர்ந்த ஆளை எப்படிக் காருக்குள் இழுத்துப் போடுவது? பஸ்ஸுக்கு நின்றவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். துரைராஜ் வண்டியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து எதிரே பார்த்தார்.

செங்கமலம் காடாம்புலியூர் முந்திரித் தோப்பை நினைத்தாள். ஆள் நடமாட்டமில்லாத மத்தியானங்கள். பகலெல்லாம் தோப்பு வேலையில் இருக்கும் மருதாசலத்துக்கு இவரைக் கண் வைத்துப் பார்க்க முடியாது. பார்க்க வேண்டும் என்றும் தோன்றாது.

மகள் பக்கம் திரும்பினாள்.

"நீ கோபால் அண்ணன்கூட கடலூர் போ. நடந்தது எல்லாத்தயும் டாக்டர்கிட்ட சொல்லு. அவரு என்னா சொல்றாரோ கேட்டுக்கினு, என்னா குடுக்கறாரோ வாங்கிக்கினு, நேரா காடாம்புலியூருக்கு வந்துடு."

"நீம்மா?"

"நான் அவருகூட இருக்கேன்."

அவள் சரக்கு வண்டியின் பின்பக்கம் போனாள். மருதாசலம் தடுத்தார். "நீ எதுக்கு வர? முன்னால எடம் இல்ல."

"பின்னால இருக்குதே."

"புழுதி. காலியா வேற கெடக்குது, தூக்கிப் போடும்."

"போடட்டும் மாமா."

சக்கரத்தின் மேல் கால் வைத்து ஏறினாள். புடவை எங்கோ கம்பியில் மாட்டிக் கிழிந்தது. தமிழ்மொழி ஓடிவந்து கைகொடுத்தாள். மடித்துக் கிடந்த சாக்குகள் மேல் உட்கார்ந்து பக்கத்துத் தடுப்பைப் பிடித்துக்கொண்டாள். வண்டி கிளம்பியது.

சாலையில் நின்று தமிழ்மொழி டாக்டரின் எண்ணுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. "ஏறு பாப்பா, நேர்ல போயிருவோம்" என்றார் கோபாலகிருஷ்ணன். கார் வடலூர்ப் பக்கம் போனது. வண்டி அதற்கு எதிர்த்திசையில், பண்ருட்டி ரோட்டில் போனது.

கொஞ்ச தூரம் போனதும் வண்டி ஓரம்கட்டி நின்றது. ஏன் என்று செங்கமலத்துக்குத் தெரியவில்லை. முன்கதவு திறக்கிற சத்தம். துரைராஜ் இறங்கிப் பின்பக்கம் வந்தார். ரோட்டைத் தாண்டி ஓடிவிடுவாரோ என்று அவள் பாதி எழுந்துவிட்டாள்.

அவர் தடுப்பைப் பிடித்து ஏறினார். அவளுக்குப் பக்கத்தில் சாக்கின் மேல் உட்கார்ந்தார்.

"காத்து அடிக்குது. முந்தானையத் தலையில போட்டுக்க" என்றார்.

அவள் போட்டுக்கொண்டாள். இதை நல்ல அடையாளம் என்று எடுத்துக்கொள்ளலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. குழாயைச் சரிசெய்த அன்றைக்கும் இப்படித்தான் நினைத்தாள். இனி அவர் காட்டுகிற எந்த அன்பையும் பயப்படாமல் பார்க்க அவளால் முடியாது.

வண்டி மறுபடி நகர்ந்தது. தூரத்தில் சுரங்கத்து மண்மேடுகள் வெயிலில் வெளிறிக் கிடந்தன. அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அங்க போனதும் தோப்புக்குத் தனியா போவ மாட்டேன்னு சொல்லுங்க."

துரைராஜ் மண்மேடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க."

அவர் சொல்லவில்லை. கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.